ஏர், எருது, கூரை, முட்டாள்

என் வாளின் எடை 2 கிலோ 750 கிராம். ஜமுனாமரத்தூரில் புளி வாங்க வந்திருந்த வியாபாரி ஒருவரின் தராசில் வைத்துப் பார்த்தது. அவர் எடையைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொட்டை எடுத்ததா, எடுக்காததா சார்?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழகிவிட்டது.

15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இரண்டு கையாலும் பிடித்து வீசிய நெடுவாள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோதான் இருக்கும். சினிமாவில் முக்கி முனகித் தூக்குவதெல்லாம் சும்மா. இதை நானே டீக்கடையில் பலருக்கு விளக்கியிருக்கிறேன். அப்படியிருக்க என் மரவாள் மட்டும் எப்படி இந்தக் கனம் கனத்தது? தச்சரிடம் நீளம் சொன்னேன், அகலம் சொன்னேன், எடை சொல்லவில்லை. "உறுதியா இருக்கணும்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவர் இடித்துப்போட்ட ஒரு வீட்டின் நிலைச்சட்டத்தை அறுத்து இழைத்துக் கொடுத்தார். உறுதிக்கு இன்றுவரை குறைவில்லை. என் வலது தோள்பட்டைதான் உறுதியை இழந்தது.

நான் தமிழ் வாத்தியார். ஊர் போளூர்ப் பக்கம், உத்தியோகம் ஜவ்வாது மலைமேல். 2021 ஜூலை 26 அன்று, பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த நாளில், டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சென்னைப் பெண் பவானி தேவி சேபர் வாளோடு இறங்கி முதல் சுற்றை 15க்கு 3 என்று முடித்ததைக் கைப்பேசியில் பார்த்தேன். அடுத்த சுற்றில் தோற்றார். ஆனால் ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர்தான். பள்ளி நாட்களில் மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு பயின்றார் என்று எங்கேயோ படித்ததும் எனக்குள் என்னமோ கிளர்ந்தது. மூங்கிலுக்கு இங்கே பஞ்சமா? அவர் சிறுமியாக இருந்தபோது ஆரம்பித்தார், எனக்கு அப்போது 44 வயது என்ற கணக்கை மட்டும் நான் போட்டுப் பார்க்கவில்லை.

ஒலிம்பிக் வாள்வீச்சுக்கு 14 மீட்டர் நீளத்தில் சமதளம் வேண்டும். இந்த மலையில் அவ்வளவு சமமாக ஓரிடம் இருந்தால் அதில் யாராவது ஏற்கெனவே சாமை விதைத்திருப்பார்கள். அதனால் அதற்கும் மூத்த சங்கதிக்குப் போனேன். ஐரோப்பாவில் வழக்கொழிந்துபோன பழைய வாள்வித்தையைப் பழைய சுவடிகளைப் படித்தே மீட்டெடுக்கிறார்கள் சிலர். சுவடிகளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆசான் கிடையாது, ஏடுதான் ஆசான். இதைக் கேட்ட நொடியே இது எனக்கென்றே உண்டான கலை என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த முடிவுக்கு ஒரு நியாயமும் இருந்தது. ஜெர்மனியில் 14ஆம் நூற்றாண்டில் ஜோஹன்னஸ் லீக்டெனாவர் என்று ஓர் ஆசான். வித்தை முழுவதையும் எதுகை போட்ட ஈரடிகளாகச் சொல்லி, கண்டவனுக்கும் புரியக்கூடாது என்று வேண்டுமென்றே பூடகமாக்கி வைத்தார். நம் சித்தர்களின் பரிபாஷை மாதிரி. பிற்பாடு ரிங்கெக் முதலானவர்கள் அடி அடியாக எடுத்து உரை எழுதினார்கள். மூலம் ஒன்று, உரை பல, உரைக்கு உரை சண்டை. இருபது வருஷமாகப் பரிமேலழகரை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? வாளைத் தொடும் முன்பே பாதி வித்தை கைவந்துவிட்ட மாதிரி இருந்தது. இத்தாலிய ஆசான் ஃபியோரே தே லிபேரி வேறு, 1410 வாக்கில் எழுதிய தன் நூலில், புத்தகம் இல்லாமல் இந்தக் கலையில் யாரும் தேற முடியாது என்று சான்றிதழே கொடுத்துவிட்டார். அவர் நாற்பது வருஷத்துக்கு மேல் வாள் பிடித்த பிறகு அதைச் சொன்னார். நான் நான்கு நாள் படித்த பிறகு அதை மேற்கோள் காட்டினேன்.

லீக்டெனாவர் நான்கே நான்கு நிலைகள் போதும் என்கிறார். ஆக்ஸ், எருது. ப்ஃலூக், ஏர். ஆல்பர், முட்டாள். நான்காவது ஃபொம் டாக். பகலிலிருந்து என்றும் பொருள் கொள்ளலாம், கூரையிலிருந்து என்றும் கொள்ளலாம் என்கிறார்கள். பாடபேதம் கண்டு கலங்குகிற ஆளா நான்? கூரை என்றே வைத்துக்கொண்டேன். வாளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். ஐப்பசி மழையில் வெளியே போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே அந்த நிலையைப் பழகினேன். வாடகை வீடு, தாழ்ந்த சீமை ஓட்டுக் கூரை. கூரையிலிருந்து வர வேண்டிய வெட்டு கூரைக்கே போனது. இரண்டு ஓடு காலி. திருத்துவதற்காக அடுக்கி வைத்திருந்த விடைத்தாள் கட்டின் மேல் ராத்திரி முழுக்க ஒழுகி, ஒன்பதாம் வகுப்பின் நெடுவினாக்கள் எல்லாம் ஊதா நிறத்தில் கரைந்து போயின. மனசாட்சிக்குப் பயந்து எல்லோருக்கும் ஐந்து மதிப்பெண் கூடப் போட்டேன். அந்த வருஷம் என்னைப் பிடிக்காத பிள்ளையே இல்லை.

ஏர் நிலை இதைவிட நல்ல பெயர் வாங்கித் தந்தது.

ஊருக்கு வெளியே பாறைமேல் ஒரு களம் உண்டு. அறுவடைக் காலத்தில் சாமை, கேழ்வரகு அடிப்பார்கள், மற்ற நாளில் காலி. தமிழில் நெல்லடிக்கிற இடமும் களம், தலை விழுகிற இடமும் களம். ஏர்க்களத்தையும் போர்க்களத்தையும் ஒன்றுக்கொன்று உவமையாகப் பாடுவது நம் புலவர்களின் பழைய பழக்கம். அந்தக் களத்தில் நின்று ஏர் நிலை பழகும்போது எனக்கு ஏற்பட்ட புல்லரிப்பைச் சொல்லி மாளாது. தொல்காப்பியரையும் லீக்டெனாவரையும் ஒரே பாறைமேல் ஏற்றிவிட்டதாக நினைப்பு.

நிலை எப்படி என்றால், வாளின் பிடி இடுப்பருகே இருக்கும், முனை சாய்வாக மேலே எழும்பி எதிராளியின் முகத்தைப் பார்க்கும். ஆனி மாதம், முதல் மழை பெய்திருந்தது. உழுதுவிட்டு இரண்டு மாட்டோடு திரும்பிக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்றார்.

"இன்னா சார் இது?"

"ஏர் நிலை தாத்தா. ஜெர்மன்காரங்க ஏர் புடிக்கிற மாதிரி."

அவர் மாட்டை நிறுத்திவிட்டு என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கொழு மேல பாக்குதே. அவன் ஆகாசத்தையா உழுறான்?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோதே அடுத்தது வந்தது. "மேழிய ரெண்டு கையால புடிச்சிக்கினா மாட்ட யாரு சார் ஓட்றது?"

வாளை வாங்கினார். கனத்தைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கையால் மேழி பிடிப்பது போலப் பிடித்து, உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, குதிகாலை ஊன்றி நான்கு அடி நடந்து காட்டினார். முனை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆடாமல் அசையாமல் போயிற்று. ஆறு மாதமாக நான் கண்ணாடி முன்னால் நின்று வரவழைக்க முயன்ற நடை அது. திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டைத் தட்டினார். நான் சமாளிப்பாக எருது நிலைக்கு மாறினேன். பிடி காதோரம், முனை கொம்பு மாதிரி முன்னால். அவருடைய எருதுகளில் வலத்தது தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. முனையைத் தாழ்த்திக் கொண்டேன்.

இரண்டு கைக் கேள்விக்கு மூன்று நாள் கழித்துப் பதில் அகப்பட்டது. வட ஐரோப்பாவின் ஈரக் களிமண்ணுக்கு ஏற்ற கனமான ஏருக்கு இரண்டு கைப்பிடி. உழுபவன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடிப்பான், மாட்டை ஓட்டத் தனியாக ஒரு பையன். ஆக ஜெர்மன்காரன் தன் ஏரைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறான். வெற்றிப் பெருமிதத்தோடு ஓடினேன். பெரியவர் சாமை விதைத்து முடித்து, திண்ணையில் படுத்திருந்தார். பொறுமையாகக் கேட்டார். "அப்ப உங்களுக்கு மாடு ஓட்ட ஒரு பையன் வேணும்" என்றார். கொழு மேலே பார்க்கிற விஷயத்தில் அவர் சொன்னதை மறுக்க எந்த உரையாசிரியரும் எனக்கு உதவவில்லை.

நடுவில் கேடயமும் பழகினேன். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ஆயுத அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு லத்தீன் சுவடிதான் ஐரோப்பாவில் இன்றைக்குக் கிடைக்கும் வாள்வித்தை ஏடுகளில் மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. அதில் ஒரு பாதிரியார் ஒற்றைக் கையில் வாளும் மறு கையில் சிறு வட்டக் கேடயமுமாக மாணவனுக்குப் பாடம் நடத்துகிறார். கேடயம் சாப்பாட்டுத் தட்டு அளவுதான். எங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் பொருந்திய பொருள் இட்லிக் குண்டான் மூடி. ஒரே வாரத்தில் மூடி நெளிந்து, ஆவி பக்கவாட்டில் போக ஆரம்பித்து, இட்லி வேகாமல் மாவாகவே வந்தது. மனைவியைச் சமாதானப்படுத்த அந்தச் சுவடியின் கடைசிப் பக்கங்களைக் காட்டினேன். அங்கே வால்புர்கிஸ் என்ற பெண் பாதிரியாருக்குச் சரிசமமாக வாள் பிடித்து நிற்கிறாள். எழுநூறு வருஷத்துக்கு முன்பே பெண்ணுக்கு என்ன மரியாதை பார் என்றேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இந்தப் பொண்ணு வீட்ல இட்லி யாரு ஊத்தினாங்களாம்?" புது மூடி 380 ரூபாய்.

என் வாளின் அடிக்குமிழும் ஒரு நாள் தன் பங்குக்கு வித்தை காட்டியது. 15ஆம் நூற்றாண்டின் 'கிளாடியட்டோரியா' ஏட்டில் ஒரு விசித்திரப் பாடம் உண்டு. வாளின் அடியில் இருக்கும் குமிழைத் திருகிக் கழற்றி எதிராளி மேல் விட்டெறிய வேண்டும். அதைப் படித்துவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தச்சர் வெறும் பசை போட்டு ஒட்டியிருந்த என் குமிழ், பலா மரத்தடியில் ஒரு முழு வீச்சின்போது யாரும் திருகாமலேயே கிளம்பிப் போய், சரிவில் உருண்டு, மூங்கில் புதருக்குள் மறைந்தது. எதிராளி இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கு ஜெயித்திருப்பேன்.

ஃபியோரேயின் ஏட்டில் மனித உருவத்தைச் சுற்றி நான்கு விலங்குகள். காலடியில் முதுகில் கோட்டை சுமந்த யானை. உறுதிக்கு அடையாளம். அது மண்டியிடாது என்கிறார் அவர். கோயில் யானை முட்டி மடித்து உட்காருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இங்கே ஆசானையே திருத்தும் வாய்ப்புக் கிடைத்தது. ஓரக் குறிப்பாக அதை எழுதி வைத்த அன்றைக்கே ஈரப் பாறையில் கால் வழுக்கி மண்டியிட்டேன். பத்து நாள் பச்சிலைக் கட்டு.

இவ்வளவுக்கும் நடுவே, கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்றுக்குக் கட்டுரை கேட்டார்கள். ஆசிரியர் குறிப்பில் 'ஐரோப்பிய வாட்கலை ஆய்வாளர்' என்று நானே எழுதிக் கொடுத்தேன். கட்டுரை தலவிருட்சத்தைப் பற்றியது. அதோடு நிற்காமல் பள்ளி ஆண்டு விழாவில், ஐரோப்பாவின் வாளெல்லாம் நம் கொங்கு நாட்டு உருக்கால் அடித்தவை என்று முழங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது. கொடுமணல் அகழாய்வில் உருக்கு உலைகளின் தடயம் கிடைத்தது உண்மை, தென்னிந்திய உருக்கு பாரசீகம் வரை போனதும் உண்மை. ஜெர்மானிய நெடுவாள்கள் பெரும்பாலும் அவர்கள் ஊர் இரும்பிலேயே செய்தவை என்பதும் உண்மை. அதை நான் விழாவுக்கு முந்தின வாரமே படித்திருந்தேன்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் தோற்றதைச் சொல்லாமல் முடித்தால் இது ஒப்புதல் வாக்குமூலமே அல்ல.

அவள் தாத்தாவிடம் சிலம்பம் கற்றவள். தன் நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு, நெருப்பில் வாட்டி நேராக்கியது. சிலம்பத்தை நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவடி எங்கே, உரை எங்கே என்று கேட்கிற புத்தி. ஒரு சனிக்கிழமை களத்தில் அவளும் தம்பியும் கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள். "வாம்மா, சும்மா ஒரு கை பார்க்கலாம்" என்றேன். அவள் குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு நின்றாள். நான் அவளுக்கு முதலில் தத்துவம் சொல்லித்தர ஆரம்பித்தேன். லீக்டெனாவர் மரபில் மூன்று காலங்கள் உண்டம்மா, முந்துவது ஒன்று, பிந்துவது ஒன்று, மூன்றாவதுதான் சூட்சுமம். வாளும் வாளும் உரசும்போது எதிராளி இறுக்கமாக இருக்கிறானா தளர்வாக இருக்கிறானா என்பதைக் கையாலேயே உணர்ந்து, 'இன்டெஸ்', அதாவது அந்தக் கணத்திலேயே...

மணிக்கட்டில் டொக்கென்று ஒன்று விழுந்தது. வலிக்கவில்லை. தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டது கம்பு.

"இல்லம்மா, நான் இன்னும் ஆரம்பிக்கல."

"சரிங்க சார்."

ஆரம்பித்தேன். கூரை நிலையிலிருந்து ஒரு வெட்டு. 2 கிலோ 750 கிராம் கீழே இறங்கி முடிப்பதற்குள் அவள் பக்கவாட்டில் ஓரடி வைத்து மறுபடி அதே மணிக்கட்டைத் தொட்டாள். மூன்றாவது முறையும் அங்கேதான். பரிதாபப்பட்டு வேறு இடம் தேடினாள் போலிருக்கிறது, நான்காவது முழங்கைக்கு வந்தது.

"சார், நீங்க கம்பையே பாக்குறீங்க. தோளப் பாருங்க. தோளு சொல்லிடும்."

மூச்சு வாங்கியது. வாள்முனை தானாகத் தரைக்குத் தாழ்ந்தது. முனை மண்ணைப் பார்க்க, நெஞ்சு திறந்து கிடக்க நிற்பதுதான் ஆல்பர், முட்டாள் நிலை. பார்ப்பவனுக்கு இவன் பாதுகாப்பில்லாமல் நிற்கிறான் என்று தோன்றும், நம்பி உள்ளே வருவான், அப்போது முனை எழும்பும் என்று பொறியாகவே விளக்குகிறார்கள். தலைநிமிர்ந்து இதையும் அவளிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுக் கொண்டாள். கெட்டிக்காரி, சந்தேகம் கேட்காமல் விடமாட்டாள்.

"இப்ப நீங்க நிக்கிறது அந்தப் பொறியா சார், இல்ல நெஜமாவே அசந்துட்டீங்களா?"

"பொறிதான்" என்றேன். ஐந்தாவது மணிக்கட்டுக்கு வந்தது.

இதற்குப் பிறகு உடம்பை விட்டுவிட்டு மறுபடி ஆய்வுக்கே போனேன். மலையை விட்டு இறங்கினால் செங்கம். அந்த வட்டாரம் முழுக்க நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே போட்டிருக்கிறது. எடுத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் விழுந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்டது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாய் கோவிவனையும் பெயர் சொல்லிச் செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்குக்கூட ஆவணம் இருக்கும் பூமி. இங்கே ஒரு வாள்நிலை அகப்படாதா?

அகப்பட்டது. வேறொரு ஊரில், புளியமரத்தடியில், பாதி புதைந்த ஒரு கல். நடுப்பகல் வெயில். வீரனின் தோளுக்குமேல் சாய்வாக நீண்டு நிற்கும் ஒரு கோடு. ஃபொம் டாக்! ஜெர்மானியர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே நம் ஆள் கூரை நிலையில் நிற்கிறான். கை நடுங்கப் படம் எடுத்து, பதினோரு பக்கம் எழுதி, ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். அவர்கள் பதில் போடவில்லை. தமிழ்ச் சமூகத்தின் அலட்சியம் குறித்துச் சில நாள் வருந்தினேன்.

மறுபடி ஒரு நாள் விடியற்காலையில் அந்த வழியாகப் போனேன். வெயில் பக்கவாட்டில் விழுந்தால் நடுகல் தன்னைப் போல வாய் திறக்கும். இடது கையில் வில் தெரிந்தது. வலது கையில் குறுவாள், அதுவும் கீழே தாழ்ந்து. கல்லுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த பாட்டியிடம் தோளுக்கு மேலிருந்த கோட்டைக் காட்டி, "இது இன்னா ஆயா, கத்தியா?" என்றேன்.

"அம்புப்பா. அது தெச்சிதான செத்தாரு சாமி."

நான் பதினோரு பக்கம் எழுதியது அவனைக் கொன்ற அம்பைப் பற்றி. அந்த இதழாசிரியர் இருக்கும் திசை நோக்கி அங்கேயே ஒரு கும்பிடு போட்டேன்.

எனக்கு முன்னாலும் இந்தக் கிறுக்கு நம் நாட்டு மலையேறியிருக்கிறது என்பது ஒரு ஆறுதல். பழைய ஐரோப்பிய வாள்வித்தையை 19ஆம் நூற்றாண்டில் தூசி தட்டி எழுப்பியவர்களில் ஒருவரான ஆல்ஃபிரட் ஹட்டன், இளம் அதிகாரியாக இந்தியாவில் இருந்தபோது தன் படைப்பிரிவுக்காக எழுதிய முதல் சிறு கையேடு 1862இல் சிம்லாவில் அச்சானது. அவர் மலையில் தொடங்கிப் பிற்பாடு லண்டனில் மேடையேறினார். இந்த மலை ஜனங்களும் கிறுக்குக்குப் பழகியவர்கள்தான். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்க்கிறவர்களை எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறார்கள். யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பதை 1977இல் உலகில் கண்ட இடங்களில் அந்தக் காவலூரும் ஒன்று. ஆரம்பத்தில் என்னையும் அந்த ஆபீஸ் ஆள் என்றே நினைத்தார்களாம். வாளைத் தூக்கி வானத்தை அளக்கிறேன் என்று. அப்படியே விட்டிருக்கலாம்.

போன மாசி மாதம் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். களத்தில் அவர்கள் வீட்டுப் புளி காய்ந்து கிடந்தது. "அந்தக் கட்டையக் குடுங்க சார், ஓடு தட்டணும். எங்குளுது ஒடஞ்சி போச்சி."

கொடுத்தேன். கூடவே போனேன். நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முதலில் பிடியைப் பிடித்து முனையால் தட்டிப் பார்த்தார். சரிப்படவில்லை. ஒரு நொடி யோசித்து வாளைத் தலைகீழாகத் திருப்பினார். அலகைப் பிடித்துக்கொண்டு, குறுக்குக் கட்டையும் பிடியும் சேர்ந்த கனத்த பக்கத்தால் ஒரு போடு போட்டார். பழத்து ஓடு நொறுங்கித் தெறித்தது. கவசம் போட்டவனை வெட்டி வேலையாகாது என்னும்போது வாளைத் திருப்பி, அலகைப் பிடித்து, பிடியால் மண்டையில் அடிக்கும் ஓர் அடி அந்த ஏடுகளில் உண்டு. மோர்ட்ஷ்லாக், கொலையடி. படத்தைப் பார்த்துப் பார்த்து நான் மூன்று மாதம் முயன்று, ஒவ்வொரு தடவையும் என் முழங்காலிலேயே வாங்கிக்கொண்டு கைவிட்ட பாடம். அக்காவின் இரண்டு கைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, தோள் எங்கே நிற்கிறது, அடி விழுகிற நேரத்தில் விரல் எப்படித் தளர்ந்து மறுபடி இறுகுகிறது என்று பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். குறிப்பெடுக்க நோட்டு கொண்டுவராமல் போனோமே என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"நல்ல கனம் சார்" என்றார் அக்கா, நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "இன்னொண்ணு இருந்தா குடுங்க, பொழுதுக்குள்ள முடிஞ்சிடும்."

இல்லையே அக்கா என்றேன். தச்சரிடம் இரண்டாவது வாளுக்கு முன்பணம் கொடுத்திருப்பதையும், இந்தத் தடவை எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது என்று எழுதியே கொடுத்திருப்பதையும் அவரிடம் சொல்லவில்லை. வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை.